ஐயவியும் எண்ணெயும்

தோற்றுவாய்

ஒரு நாட்டில் ஒரு பொருள் வழங்கியது என்று காட்டுதல் எளிது. அப்பொருள் அந்நாட்டில் விளைந்தும், மக்கள் கையில் நாள்தோறும் புழங்கியும், பிற நாடுகளில் தலையாய பயனெனக் கொள்ளப்படும் ஒன்றுக்கு மட்டும் ஏன் வாராதொழிந்தது என்று காட்டுதல் அத்துணை எளிதன்று. கடுகு அத்தகைய பொருள்களுள் ஒன்று.

வங்காளம், பீகார், ஒடிசா, அசாம், பஞ்சாபு ஆகிய பகுதிகளில் கடுகெண்ணெய் அன்றாட உணவுப்பொருள். மீன் பொரித்தற்கும் கீரை வதக்குதற்கும் ஊறுகாய் இடுதற்கும் அதனையே அம்மக்கள் விரும்புவர். கடுகுக்கு நெருங்கிய உறவினதாகிய ரேப் வித்தின் எண்ணெய் ஐரோப்பாவிலும் கனடாவிலும் சீனத்திலும் பேரளவில் பயன்படுகின்றது. தமிழகத்திலோ கடுகில்லாத அடுக்களை இல்லை. கடுகெண்ணெய் உள்ள அடுக்களை மிக அரிது. சங்கரன்கோயில் வட்டத்து மேலநீலிதநல்லூரிலும் அதனைச் சூழ்ந்த கரிசற்காட்டு ஊர்களிலும் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் கடுகு முன்னிற்கும். எண்ணெய் என்று கேட்டாலோ மரபுவழி வந்த இல்லங்களில் நல்லெண்ணெயே நினைவுக்கு வரும்.

இவ்வேறுபாடு எக்காலத்தில் தோன்றியது, எக்காரணத்தான் நிலைத்தது என்பவற்றைச் சங்க நூல்களையும் சொல்வழக்கையும் பயிரியல்பையும் துணைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சி உணவுச் செய்தியளவில் நில்லாது. பழம்பாட்டுக்களில் ‘நெய்’ என வருமிடமெல்லாம் எப்பொருளைக் கொள்வது என்னும் உரைச்சிக்கலுக்கும் இஃது ஒருவாறு விடை காட்டும்.

வித்தின் இனம்

பயிர்நூலார் கடுகினத்தைப் ‘பிராசிக்கா’ என்னும் பொதுப்பெயரால் வழங்குவர். முட்டைக்கோசும் பூக்கோசும் டர்னிப்பும் இவ்வினத்தைச் சார்ந்தனவே. இவ்வினத்துப் பயிர்கள் ஒன்றோடொன்று கொண்ட உறவை 1935-ஆம் ஆண்டில் நாகஹாரு உ என்னும் அறிஞர் தெளிவுறுத்தினார். டர்னிப்பும் வடநாட்டுச் சர்சோன் வகைகளும் அடங்கிய ‘ரேபா’ என்னும் இனம் 10 இணை நிறக்கோல்களை உடையது. கருங்கடுகாகிய ‘நைக்ரா’ 8 இணை உடையது. இவ்விரண்டும் இயற்கையிற் கலந்து பிறந்ததே 18 இணை கொண்ட ‘ஜன்சியா’. நம் நாட்டில் தாளிதத்திற்கு வழங்கும் கடுகு இதுவே. அந்த ‘ரேபா’ இனமே 9 இணை கொண்ட கோசு இனத்தோடு கலந்து, 19 இணை கொண்ட ‘நேப்பஸ்’ என்னும் ஐரோப்பிய ரேப் பயிரைத் தந்தது. ஆகவே நம் அஞ்சறைப் பெட்டிக் கடுகும் ஐரோப்பிய ரேப் வித்தும் ஒரு தாய்வழிப் பிறந்த இரு மக்கள் எனலாம்.

சங்க நூல்கள் ‘ஐயவி’ என்று ஒரு வித்தைக் கூறுகின்றன. உரையாசிரியர் இதற்கு ‘வெண்சிறுகடுகு’ என்று பொருளுரைத்தனர். வடமொழியாளர் வெண்கடுகைச் ‘சித்தார்த்தகம்’ என்பர். கருதிய பொருளை முடித்துத் தருவது என்பது அச்சொற்பொருள். புத்தர்பெருமானின் இளமைப்பெயரும் இச்சொல்லும் ஒரே அடியின. மகவை இழந்த கிசாகோதமியை, இறப்பு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வருமாறு அவர் பணித்த கதை பௌத்த உலகெங்கும் அறியப்பட்டது. வடநாட்டில் வெண்கடுகு என வழங்கும் மஞ்சட் சர்சோன் மேற்கூறிய ‘ரேபா’ இனத்தைச் சார்ந்தது. ஐயவியும் அதுவேயெனக் கொள்ளின், தாளிதக் கடுகினும் ரேப் வித்துக்கு ஐயவி ஒரு படி நெருங்கியதாகும்.

பிற நாடுகளில் இவ்வெண்ணெய்

இவ்வித்துக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு எண்ணெய் உண்டு. வடவிந்தியாவில் இவ்வெண்ணெயின் வரலாறு மிகப் பழையது. சரகர், சுச்ருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் சர்ஷப தைலத்தைக் கூறுகின்றன. ஐரோப்பாவின் வடபகுதியில் ஒலிவம் விளையாமையின், விளக்குக்கு ரேப் எண்ணெயே வாய்ப்பாயிற்று. ‘கோல்சா’ என்னும் அதன் பிரெஞ்சுப் பெயர் ‘கோசு விதை’ எனப் பொருள்படும் டச்சுச் சொல்லின் திரிபு. 1800-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துக் கார்செல் என்பார், கடிகாரப் பொறியால் எண்ணெயைத் திரிக்கு ஏற்றும் விளக்கொன்றை அமைத்தார். அதில் எரிந்ததும் கோல்சா எண்ணெயே. சப்பானில் எடோ காலத்து விளக்குக்களுக்கும் இவ்வின வித்தின் எண்ணெய் பயன்பட்டது. 1859-இல் பென்சில்வேனியாவில் நிலத்தைத் துளைத்து எண்ணெய் எடுத்த பின்னர், மண்ணெண்ணெய் பெருகி இவ்விளக்கெண்ணெய்களை ஓட்டியது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இவ்வெண்ணெய்க்குப் புதுப்பயன் பிறந்தது. நீராவியும் நீரும் படும் கப்பற்பொறிகளில் வழுக்காது ஒட்டிநிற்கும் இயல்பு இதற்கு உண்டு. அதன்பொருட்டே கனடா நாட்டில் ரேப் பயிர் பரவியது. போருக்குப் பின் அதனை உணவாக்க முயன்றபோது, ‘எரூசிக் அமிலம்’ அதில் மிகுதியாக இருப்பது தடையாயிற்று. பழைய வகைகளின் எண்ணெயில் அவ்வமிலம் பாதியளவுகூட உண்டு. கனடா நாட்டுப் பயிரறிஞர் பால்டர் ஸ்டெபான்சன், கீத் டவுனி ஆகியோர் தேர்ந்து வளர்த்த வகைகளால் இக்குறை நீங்கியது. 1974-இல் ‘டவர்’ என்னும் வகை வெளிவந்தது. 1978-இல் இத்தகைய வகைகளுக்குக் ‘கனோலா’ என்னும் பெயர் இடப்பட்டது. இவற்றின் எண்ணெயில் அவ்வமிலம் நூற்றுக்கு 2 பங்கினும் குறைவு. இன்று ஐரோப்பாவில் ஊர்திகளுக்கு உயிர்டீசல் ஆக்குதற்கும் ரேப் எண்ணெய் செல்கின்றது.

விளக்கு, பொறி, உணவு, ஊர்தி என இங்ஙனம் நாற்பயன் தந்த ஒரு வித்தினம் தமிழகத்தில் என்ன பயன் தந்தது என்பதே இனி நோக்கற்பாலது.

சங்க நூல்களில் ஐயவி

ஐயவி வரும் இடங்களைத் தொகுத்து நோக்கின், அவை மூவகைப்படும். முதலாவது, தீங்கு விலக்கும் சடங்கு. புறநானூற்று 281-ஆம் பாட்டில், புண்பட்ட வீரனைப் பேணும் மகளிர் வீட்டில் வேம்பின் இலையைச் செருகி, யாழ் இசைத்து, ஐயவியைச் சிதறி, ஆம்பற்குழல் ஊதிக் காஞ்சி பாடுவதை அரிசில்கிழார் காட்டுகின்றார். 296-ஆம் பாட்டில் வெள்ளைமாளர் இதனையொத்த காட்சியைப் பாடுங்கால், நெய் தோய்ந்த கையினர் ஐயவியைப் புகைத்தலைக் குறிக்கின்றார். ஒன்றில் சிதறுதலும் மற்றொன்றில் புகைத்தலும் வருகின்றன. இரண்டிலும் பிழிதல் இல்லை.

இரண்டாவது, தெய்வ வழிபாடு. நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலின் நெடுநிலைக்கு நெய் அணிந்து ஐயவி அப்பியிருத்தலை நக்கீரர் கூறுகின்றார். நிலையில் உறையும் தெய்வத்தின் பொருட்டு அங்ஙனம் செய்தனர் என்பது உரை. திருமுருகாற்றுப்படையில் குறமகள் முருகனை வழிபடுமிடத்தும் நெய்யும் ஐயவியும் ஒருங்கே அப்பப்படுகின்றன. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை மதுரை மதிலின் பொறிகளுள் ‘ஐயவித் துலாம்’ என்னும் ஒன்றை எண்ணுகின்றது. காவற்பொருளாகிய மதிலின் கருவி ஒன்றும் இப்பெயர் பெற்றமை கருதத்தக்கது.

மூன்றாவது, விளைநிலம். மதுரைக்காஞ்சியில் குறிஞ்சி நிலத்தைப் பாடுமிடத்துத் தோரை நெல்லோடும் ஐவன நெல்லோடும் நெடிய தாளையுடைய ஐயவி விளைந்து நிற்கின்றது. மலைபடுகடாத்திலும் மலைச்சாரற் கொல்லையில் ஐயவி செறிந்து வளர்கின்றது. இவ்விரு பாட்டும் ஐயவியை மலைநிலத்திலேயே வைத்தன என்பதை இங்கு நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர்க் காரணம் ஆராயுமிடத்து இது பயன்படும்.

மலைபடுகடாம் தரும் சான்று

ஐயவி பிழியப்பட்டதாகச் சான்றில்லை என்பது மட்டும் கொண்டு, அது பிழியப்படவில்லை என்று முடிவு செய்தல் தகாது. பாடப்படாமையாலே ஒன்று வழக்கில் இல்லை எனல் ஆகாது என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். அத்தடை பொருந்தும். ஆயின் ஒரே புலவர், ஒரே பாட்டில், ஒரே மலைச்சாரலில், இரு வித்துக்களையும் அடுத்தடுத்துப் பாடி, ஒன்றற்கு மட்டும் நெய்ப்பயன் கூறுவாராயின் அத்தடை வலியிழக்கும். அத்தகைய சான்று மலைபடுகடாத்தில் உள்ளது.

பெருங்கௌசிகனார், நன்னன் சேய் நன்னனைப் பாடிய 583 அடிப் பெரும்பாட்டு அது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியே அவன் நாடு. கூத்தரை ஆற்றுப்படுத்தும் கூத்தர், மழைவளம் பெற்ற மலைக்கொல்லைகளை வரிசையாகக் காட்டுகின்றார். தொடக்கத்திலேயே எள் வருகின்றது. பல கிளையாகப் பிரிந்து, ஏழு காயே ஒரு பிடியளவினவாய்ப் பருத்துக் கறுத்து, நெய் கொள்ளும் பருவத்தில் எள் முற்றி நிற்கின்றது என்பது அப்பகுதியின் கருத்து. அதன்பின் தினையும் அவரையும் வரகும் பிறவும் வருகின்றன. ஏறத்தாழ இருபது அடிக்குள் ஐயவி வருகின்றது. அது செறிந்து நிற்றல் மட்டும் கூறப்படுகின்றது.

புலவர் பயிர்தோறும் அதன் முற்றிய நிலையைக் கூறும் கருத்துடையவர். எள்ளைக் கண்டபோது அவர் நெஞ்சில் நெய் தோன்றிற்று. ஐயவியைக் கண்டபோது தோன்றவில்லை. ஆதலின் அக்காலத்தே எள் பிழிவித்து என்றும், ஐயவி பிழிவித்தன்று என்றும் மக்கள் வேறுபடுத்தி அறிந்திருந்தனர் என்று கொள்ளுதல் பொருத்தமுடைத்து.

‘நெய்’ என்னும் சொல்

இனி, ஐயவியோடு சேர்ந்து வரும் நெய் யாது என்னும் வினா எழும். கடுகு அப்பப்படும் இடத்தில் நெய்யும் வருதலின், அந்நெய் கடுகின் நெய்யே என்று ஒருவர் கருத இடமுண்டு. இதனைத் தெளியச் சொல்லின் வரலாற்றை நோக்க வேண்டும்.

நெய் என்பது பழந்தமிழில் ஒட்டும் நீர்மைப் பொருள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். பொருநராற்றுப்படையில், தேன்நெய்யையும் கிழங்கையும் கொண்டுவந்தோர் அவற்றுக்கு மாறாக மீன்நெய்யையும் நறவையும் பெற்றுச் செல்கின்றனர். தேனும் நெய், மீனின் கொழுப்பும் நெய் என்பது இதனாற் புலனாம். அடைமொழி பெறாது தனியே நின்றவழி அச்சொல் பெரும்பாலும் ஆனெய்யைக் குறித்தது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்று 246-ஆம் பாட்டு இதற்கு நல்ல சான்று. தீப்பாயத் துணிந்த அவ்வரசி, கைம்மை நோன்பின் உணவை இகழ்ந்து பேசுகின்றாள். அவ்வுணவில் நறுநெய் தீண்டாது. வெள்ளெள்ளின் துவையலும் புளியிட்டு வெந்த வேளைக்கீரையும் உண்டு. நெய் விலக்கப்பட்ட இலையில் எள் இடம்பெறுதலின், அங்கே நெய் என்றது எள்ளின் நெய் அன்று. பாலின் நெய்யே என்பது ஐயமின்றிப் போதரும்.

ஐயவியோடு வருமிடங்களிலும் நெய் தனிச்சொல்லாகவே நிற்கின்றது. வித்தின் பெயரால் அடை பெறவில்லை. மேலும் திருமுருகாற்றுப்படையும் நெடுநல்வாடையும் நெய்யையும் ஐயவியையும் இருவேறு பொருளாக எண்ணுகின்றன. நெய் ஒட்டுதற்கும் ஐயவி காத்தற்கும் பயன்பட்டன. ஒட்டும் பொருள் ஐயவியினின்றே பிறந்ததாயின், இரண்டையும் பிரித்துக் கூற வேண்டுவதில்லை. ஆதலின் இவ்விடங்களில் கடுகெண்ணெய் எனப் பொருள் கொள்ளுதல் பொருந்தாது.

அடைபெற்ற நெய்களுள் ஒன்று மட்டும் பின்னர்த் தனிவழி சென்றது. எள்ளும் நெய்யும் புணர்ந்து ‘எண்ணெய்’ ஆயிற்று. ளகர ஈற்றின் முன் நகரம் வரின் இரண்டும் ணகரமாதல் தமிழ்ப்புணர்ச்சியின் இயல்பு. முள்ளும் நுனியும் ‘முண்ணுனி’ ஆதல் காண்க. எள்ளின் நெய்யை மட்டும் குறித்த இச்சொல் நாளடைவில் எல்லா வித்தின் நெய்க்கும் பொதுப்பெயராய் விரிந்தது. தேங்காயெண்ணெய், இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெய் என்பன எழுந்தன. நிலத்திலிருந்து வந்த பொருளும் மண்ணெண்ணெய் ஆயிற்று. பகுத்து நோக்கின் ‘மண்ணின் எள்நெய்’ என்று விரியும் அச்சொல்லை எவரும் வியப்பாகக் கருதுவதில்லை. பொதுப்பெயர் ஆனபின், எள்ளின் நெய்க்கே ஒரு சிறப்புப்பெயர் வேண்டப்பட்டு ‘நல்லெண்ணெய்’ தோன்றியது.

இவ்வாறு ஒரு வித்தின் நெய் எல்லா நெய்க்கும் பெயராதல் பிற மொழிகளிலும் உண்டு. வடமொழித் ‘தைலம்’ எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்னும் சொல்லடியாகப் பிறந்தது. ஆங்கிலத்து ‘ஆயில்’ ஒலிவத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழி வந்தது. ஒரு மக்கள் முதலில் எதனைப் பிழிந்தனரோ அதுவே அவர்தம் சொல்லில் தங்கும். ரேப் வித்தைப் பேரளவில் பிழிந்த ஐரோப்பியரும் தம் சொல்லில் ஒலிவத்தையே வைத்திருத்தல் இதனை வலியுறுத்தும். தமிழர் சொல்லில் தங்கியது எள்.

செக்கும் கோயிலும்

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்து வணிகருள் ‘ஓசுநர்’ என்பாரைக் கூறும். எண்ணெய் வாணிகர் என்பது உரை. பிற்காலத்தில் வாணியர், செக்கார் என்னும் பெயர்கள் வழங்கின. சோழர் கல்வெட்டுக்கள் சங்கரப்பாடியார் என்னும் எண்ணெய் வாணிகரைக் குறிக்கின்றன. செக்குக்கு இட்ட வரி ‘செக்கிறை’ எனப்பட்டது. கல்லிற் செதுக்கிய செக்குக்களும், செய்வித்தார் பெயர் பொறித்த செக்குக்களும் தமிழகத்தில் பலவிடத்துக் கிடைத்துள்ளன.

ஆயினும் கோயிலில் நந்தாவிளக்கு எரித்தற்குச் சோழர்காலக் கொடையாளர் பெரிதும் விரும்பியது நெய்யே. ஒரு விளக்குக்கு 96 ஆடு கொடுத்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கச் செய்தமை கல்வெட்டுக்களில் மிகுதியாகக் காணப்படுகின்றது. எனவே விளக்கின் தேவை ஆட்டுமந்தையாலும், உணவின் தேவை எள்ளாலும், இலுப்பை முதலிய மரவித்துக்கள் இரண்டற்கும் துணையாகவும் நிறைவேறின. ஐரோப்பாவின் வடபகுதியில் ரேப் எண்ணெயை விளக்குக்குத் தூண்டிய வறுமை தமிழகத்தில் எழவில்லை.

காரணம்

இனிப் பயிரியல்பு வழிக் காரணம் காண்போம். கடுகினமும் ரேப் இனமும் தண்பருவப் பயிர்கள். வடவிந்தியாவில் ஐப்பசி கார்த்திகையில் விதைத்து மாசி பங்குனியில் அறுப்பர். அப்பருவத்தில் அங்கு மழை குறைவு. இரவில் குளிர் மிகுதி. இன்று இராசத்தான், உத்தரப்பிரதேசம், அரியானா, மத்தியப்பிரதேசம் ஆகியவை இப்பயிரின் முதன்மை மாநிலங்களாதற்கும் இதுவே காரணம். தமிழகத்துச் சமவெளியிலோ அத்தகைய குளிர் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை பொழியும். ஆகவே இங்குக் கடுகு விளைதற்கேற்ற தண்மை மலைச்சாரலிலேயே உண்டு. மதுரைக்காஞ்சியும் மலைபடுகடாமும் ஐயவியைக் குறிஞ்சியில் வைத்தமைக்குக் காரணம் இதுவே எனலாம். மலைச்சாரற் கொல்லையில் சிறிதளவாக விளையும் ஒரு வித்தை மருந்துக்கும் சடங்குக்கும் பயன்படுத்தலாம். ஊர்தோறும் செக்கிலிட்டு ஆட்டுதற்கு அது போதாது.

எள்ளின் நிலை இதற்கு மாறானது. அது வெம்மையைத் தாங்கும். சிறுமழையில் முளைத்து மூன்று திங்களுக்குள் அறுவடையாகும். வித்தில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அவ்வெண்ணெயில் இயல்பாகவே அமைந்த ‘செசமால்’ முதலிய பொருள்களால் அது விரைவிற் சிக்கு நாற்றம் கொள்வதில்லை. வெப்பநாட்டில், குடத்தில் ஊற்றி வைத்து உண்ண வேண்டிய மக்களுக்கு இவ்வியல்பு பெரும்பேறு. எள் இந்தியத் துணைக்கண்டத்திலேயே முதலில் பயிராக்கப்பட்டது என்பது இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்கை.

கடுகின் காரம் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். அக்காரம் முழு வித்தில் இல்லை. வித்து நொறுங்கி நீர் பட்டவழி, அதனுள் இருக்கும் நொதி ஒரு பொருளைச் சிதைத்துக் காரத்தைப் பிறப்பிக்கும். வங்காளத்தார் வித்தை நொறுக்கி அக்காரத்தை எண்ணெயோடும் விழுதோடும் பெறுகின்றனர். தமிழர் முழு வித்தைக் காய்ந்த எண்ணெயில் இட்டு வெடிக்கச் செய்கின்றனர். சூட்டால் நொதி அழிந்து, காரம் பிறவாது மணம் பிறக்கின்றது. ஒரே வித்தினின்று இரு நாட்டார் இருவேறு சுவையைக் கொண்டனர். இவ்விரண்டற்கும் இடையே நிற்பது ஆந்திரரின் ஆவக்காய். தெலுங்கில் ‘ஆவ’ என்பது கடுகு. கடுகைப் பொடித்துக் காரம் கொண்டு, ஊறவைத்தற்கு மட்டும் நல்லெண்ணெயை அவர் சேர்க்கின்றனர்.

சங்கரன்கோயில் வட்டார வழக்கு

மேலநீலிதநல்லூர் 2019-ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, பின்னர்த் தென்காசி மாவட்டத்திற் சேர்ந்தது. கரிசலும் செவலும் விரவிய, வானம் பார்த்த பூமி இப்பகுதி. பழம்பாட்டுக்களில் கண்ட இருவேறு வழக்கும் இத்தென்பகுதியில் தொடர்ந்து வருதல் காணலாம்.

குழந்தைக்குக் கண்ணேறு பட்டது என்று கருதின், உப்பு, மிளகாய், கடுகு ஆகியவற்றைக் கையில் அடக்கிச் சுற்றி அடுப்பிலிடுவர். கடுகு வெடித்துப் புகை எழும். புறநானூற்று மகளிர் புண்பட்டவனைக் காக்க ஐயவி புகைத்த செயலும் இதுவும் ஒரே கருத்தில் தோன்றியவை. இடையே மிளகாய் சேர்ந்தது. அது போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் இந்நாட்டிற்கு வந்த பொருள். கடுகு தன் பழைய இடத்திலேயே இருக்கின்றது.

எள்ளின் வழக்கும் அங்ஙனமே. செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது தென்பாண்டி நாட்டு வழக்கம். எண்ணெய் பிண்ணாக்கினின்று எளிதிற் பிரிதற்கு அது துணைபுரியும். பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியை நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கூட்டித் தருவர். தீபாவளியன்று தலைமுழுகுதலும் நல்லெண்ணெயாலேயே. இறந்தார்க்கு எள்ளும் நீரும் இறைத்தலும் உண்டு. பிறந்தவரைக் காக்கக் கடுகும், இறந்தவரை வழியனுப்ப எள்ளும் இங்குப் பயன்படுகின்றன.

இவ்விரு வித்தும் நாள்தோறும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது தாளிக்கும் கரண்டி. எள்ளின் நெய்யில் கடுகு வெடிக்கும் அக்கரண்டியில், முருகன் வழிபாட்டிலும் அரண்மனை நெடுநிலையிலும் கண்ட நெய்யும் ஐயவியும் மீண்டும் கூடுகின்றன. சடங்கிலிருந்து சமையலுக்கு இவ்விணை வந்தது என்று துணிதற்குச் சான்று போதாது. ஆயினும் நெய்யினின்று வேறாக, நெய்யோடு சேர்த்தே கடுகை வைத்தனர் என்னும் இயைபு ஈராயிரம் ஆண்டாக மாறவில்லை.

முடிவுரை

இன்று இவ்வியைபின் ஒரு பகுதி நெகிழ்ந்து வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுப் பகுதியில் பரவிய நிலக்கடலை, எள்ளின் இடத்தைப் பெரிதும் பகிர்ந்துகொண்டது. ‘மணிலாக்கொட்டை’ என்னும் பெயர் அது கடல்கடந்து வந்ததைக் காட்டும். 2007-ஆம் ஆண்டு முதல் தமிழகத்து நியாயவிலைக் கடைகளில் பாமாயில் வழங்கப்பட்டு வருகின்றது. இந்தியா தனக்கு வேண்டும் உணவெண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறுகின்றது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்த பனையினத்துக் கனியின் நெய்யை ‘எண்ணெய்’ என்று நாம் அழைக்கும்போது, அச்சொல்லில் எள்ளின் ஒலி மட்டுமே எஞ்சுகின்றது. எளியோர்க்கு மலிவான எண்ணெய் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் சொல்லில் உள்ள எள்ளை நிலத்திலும் ஓரளவேனும் காத்தல், வானம் பார்த்த பூமியை உடைய வட்டாரங்களுக்குப் பயனுடையது. குறைந்த நீரில் விளையும் பயிர் அஃது ஆதலின்.

வடநாட்டு வழக்கினின்றும் கற்றற்கு ஒன்றுண்டு. 1998-இல் தில்லியில், பிரமதண்டு வித்தின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டோர் பலர் நீர்க்கோவை நோயால் மாண்டனர். பிரமதண்டின் வித்து கடுகையொத்த தோற்றமுடையது. வித்தைக் கண்ணாற் கண்டு ஆட்டுவித்த ஊர்ச்செக்கின் காலத்தில், உண்பவனுக்கும் வித்துக்கும் இடையே தொலைவு சிறிது. அத்தொலைவு பெருகிய காலத்தில் பெயரை நம்பியே பொருளைக் கொள்கின்றோம். பெயரின் பொருளை ஆராய்தல் தமிழ் கற்பார்க்கு மட்டும் உரிய தொழில் அன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

மேற்கூறியவாற்றான் பெறப்படுவன மூன்று. ஐயவி தமிழகத்தில் மலைநிலப் பயிராய், காவற்பொருளாய் விளங்கியது, பிழிவித்தாக வழங்கவில்லை. மலைபடுகடாம் எள்ளுக்கு நெய் கூறி ஐயவிக்குக் கூறாமை இதற்குத் தலையாய சான்று. ஆகவே சங்கப் பாட்டுக்களில் ஐயவியோடு வரும் நெய்யைக் கடுகின் எண்ணெயாகக் கொள்ளாது, வேறொரு நெய்யாகவே கொள்ளுதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.